சட்டி என்றால் பட்டி என்று கேட்கிறது

காது மெஷின் பொருத்துகிற எனக்கு விசுவமடுவில் இருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

“அப்பாவுக்கு 68 வயது. 2009 பங்குனியில் மாத்தளனில் பக்கத்தில் ஷெல் விழுந்ததில் இடது காது முழுக்கப் போய்விட்டது, வலது காது பாதி. முகாமால் வந்த பிறகு ஒரு தொண்டு நிறுவனம் காதுக்குப் பின்னால் கொழுவுகிற மெஷின் ஒன்று கொடுத்தது. போட்டால் கூவுகிறது. பக்கத்து வளவில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை ஸ்டார்ட் பண்ணினால் கழற்றி எறிந்துவிடுவார். இப்போது அது அரிசி போட்ட ரின்னுக்குள் கிடக்கிறது. ‘சத்தம் கேக்குது பிள்ளை, கதைதான் விளங்கேல்லை’ என்பார். போன கிழமை ‘சட்டியை ஒருக்காப் பாருங்கோ’ என்று சொல்லிவிட்டு அம்மா கிணற்றடிக்குப் போக, இவர் மாட்டுப் பட்டியைப் பார்க்கப் போய்விட்டார். கறி அடிப்பிடித்துவிட்டது. மாரி காலத்தில் இடது காதில் சீழும் வரும். லண்டனில் இருக்கும் தம்பி, செயற்கை நுண்ணறிவு உள்ள புது மெஷின் வந்திருக்கிறது, சோடி பத்து லட்சத்துக்கு மேல், வாங்கி அனுப்பட்டோ என்கிறான். இந்தப் புது மெஷின்கள் உண்மையிலேயே வித்தியாசமானவையா, அல்லது விலை மட்டும்தான் வித்தியாசமா?”

இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த ஓடியோகிராமின் (காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) படத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்.

தங்கச்சி, முதலில் அந்தக் கறிச்சட்டிக்கு வருகிறேன். உங்கள் அப்பாவின் காதில் என்ன பழுது என்பதை ஓடியோகிராமைவிட அதுதான் தெளிவாகச் சொல்கிறது. சட்டி, பட்டி, கட்டி, தட்டி என்று நாலு சொல்லையும் சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்தின் மெய்யொலி மட்டுந்தான் மாறுகிறது, மிச்சமெல்லாம் ஒன்று. உயிரொலிகளின் பலம் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ச, ப, க, த என்பவற்றைப் பிரித்துக் காட்டுகிற அடையாளங்கள் பெரும்பாலும் 1500 ஹேர்ட்ஸுக்கு மேலே, மெல்லிசாக, கண் மூடித் திறக்கும் நேரத்துக்குள் வந்து போகும். அப்பாவின் வலது காது வரைபடத்தில் 500 ஹேர்ட்ஸில் 45 டெசிபல், 2000இல் 70, 4000இல் 80 என்று கோடு சரிந்து இறங்குகிறது. டெசிபல் இலக்கம் கூடக் கூட, அந்த இடத்தில் கேட்பது அவ்வளவு குறைந்திருக்கிறது என்று பொருள். ஆகவே அவருக்கு ‘அட்டி’ கேட்கிறது. முன்னால் நின்ற மெய் விழுந்துவிடுகிறது. விழுந்த இடத்தை மூளை தனக்குப் பழக்கமான சொல்லால் நிரப்புகிறது. மாடு வைத்திருக்கும் மனுசனுக்குப் பட்டிதானே முதலில் ஞாபகம் வரும்? அவர் சொல்லும் ‘சத்தம் கேக்குது, கதை விளங்கேல்லை’ சாட்டு இல்லை, அச்சொட்டான வர்ணனை. வீட்டில் யாராவது ‘தேவையானது மட்டும் இவருக்குக் கேக்கும்’ என்று பகிடி விட்டால் நிற்பாட்டச் சொல்லுங்கள்.

அதே படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வலது காதில் காற்று வழியாகப் பார்த்த கோடும் எலும்பு வழியாகப் பார்த்த கோடும் ஒட்டிக்கொண்டே போகின்றன. அதன் பொருள், பழுது சவ்வில் இல்லை, உள்காதில். ஒவ்வொரு காதின் நத்தைச் சுருளுக்குள்ளும் ஏறக்குறைய 3,500 உள்மயிர்க் கலங்களும் 12,000 வெளிமயிர்க் கலங்களும் உண்டு. ஒலியை மூளைக்கு அனுப்புவது உள்ளே இருப்பவை. வெளியே இருப்பவை மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுக்கின்றன. இயற்கை வைத்த அம்பிளிஃபையர் என்று சொல்லலாம். குண்டு வெடிப்பு, வயது, இரைச்சல் எல்லாம் முதலில் பதம் பார்ப்பது பெரும்பாலும் இந்த வெளிமயிர்க் கலங்களைத்தான். மனிதருக்கு இவை திரும்ப முளைப்பதில்லை.

அவை போனால் மெல்லிய சத்தம் கேட்காது. ஆனால் பெரிய சத்தம் முன்போலவே பெரிதாகக் கேட்கும்! “மெல்லக் கதைச்சா விளங்கேல்லை எண்டுறார், கொஞ்சம் உரத்துக் கதைச்சா ‘ஏன் கத்துறாய்’ எண்டு ஏசுறார்” என்ற முறைப்பாட்டை நான் கிழமைக்கு நாலு தடவை கேட்கிறேன். இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்கள்தான்.

இனி அந்த ரின்னுக்குள் கிடக்கும் மெஷினைப் பார்ப்போம். அப்படிப்பட்டவை நிறைய என் மேசைக்கு வந்திருக்கின்றன. மண்ணிறமாக, வாழைப்பழ வடிவில் இருக்கும். முதுகில் ஒரு பற்சில்லு, அதுதான் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது. கீழே எம், ரி, ஓ என்று மூன்று நிலை உள்ள சுவிட்ச். எம் என்றால் மைக், ஓ என்றால் நிறுத்தம். நடுவில் இருக்கும் ரி, தொலைபேசியின் காந்தப்புலத்தைப் பிடிக்கிற சுருளுக்கு உரியது. கைதவறி ரியில் விட்டுவிட்டு “மெஷின் செத்துப்போச்சு” என்று முல்லைத்தீவில் இருந்து பஸ் ஏறி வந்தவர்கள் உண்டு. பக்கத்தில் சின்னக் கதவு ஒன்றைத் திறந்தால் எறும்பின் தலையளவில் இரண்டு மூன்று திருகாணிகள் தெரியும். இப்படியான அனலொக் மெஷினை ஒருவருடைய காதுக்கு ஏற்ப மாற்ற இருந்த வசதி முழுவதும் அந்தத் திருகாணிகள்தான்.

அந்த மெஷின் செய்தது ஒரே ஒரு கூட்டல் கணக்கு. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: வந்த சத்தத்தோடு 40ஐக் கூட்டு. பேத்தி மெதுவாகக் கதைப்பது 45 டெசிபல் என்றால் 85 ஆகும், நல்லது. நீங்கள் சாதாரணமாகக் கதைப்பது 65, அது 105 ஆகும், காது குத்தத் தொடங்கும். லான்ட்மாஸ்டர் 90, அது 130 ஆக வேண்டும். மெஷினால் அவ்வளவு ஏலாது, ஆகவே அலையின் தலையை வெட்டி 120 அளவில் நிறுத்திவிடும். தலை வெட்டப்பட்ட அலை கரகரவென்று கிழிந்த துணிபோலத்தான் வரும். அப்பா கழற்றி எறிந்ததில் என்ன பிழை? நானாக இருந்தாலும் எறிந்திருப்பேன்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. விலை மட்டுமா வித்தியாசம்? இல்லை. உண்மையிலேயே மாறியிருக்கிறது. ஆனால் அந்த மாற்றத்தில் உங்கள் அப்பாவுக்குத் தேவையானது எது, லண்டன் கடையில் சொல்லி விற்பது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

காது கேளாதவர்களுக்கான மெஷின் இலத்திரனியலின் பின்வாங்கில் இருந்த பிள்ளை என்று சிலர் நினைக்கிறார்கள். மாறாக அது முன்வாங்கில் இருந்த பிள்ளை. திரான்சிஸ்டர் 1947இல் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்தது. அது போட்டுச் சந்தைக்கு வந்த முதல் பாவனைப் பொருள் றேடியோ இல்லை, 1952 கடைசியில் வந்த சொனோட்டோன் காது மெஷின்தான். திரான்சிஸ்டர் றேடியோ 1954இல்தான் வந்தது. 1962இல் அதே பெல் ஆய்வுகூடத்தில் செஸ்லர், வெஸ்ட் என்ற இருவர் செய்த எலெக்ட்ரெட் மைக்கால், அரிசிமணிக்குக் கிட்டத்தட்ட வரும் அளவில் தெளிவான மைக் சாத்தியமானது. 1980களின் கடைசியில் அமெரிக்கரான மீட் கிலியன் ஒரு சிப் செய்தார். அவருடைய யோசனை எளிமையானது: மெல்லிய சத்தத்துக்கு நிறையக் கூட்டு, நடுத்தரத்துக்குக் கொஞ்சம் கூட்டு, பெரிய சத்தத்தை அப்படியே விட்டுவிடு. போன வெளிமயிர்க் கலங்களின் வேலையை அந்தச் சிப் செய்யப் பார்த்தது. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் நடந்த பெரிய காரியம் இதுதான். பிறகு வந்த எதுவும் இந்த அளவுக்கு மனிதரின் முகத்தை மாற்றியதில்லை.

அதே கணக்கை இப்போது திரும்பப் போடுங்கள். பேத்தியின் 45க்கு 35 கூட்டினால் 80. உங்கள் 65க்கு 25 கூட்டினால் 90. லான்ட்மாஸ்டரின் 90க்கு 5 மட்டும், 95. மூன்றும் அப்பாவின் காது தாங்குகிற இடைவெளிக்குள் அடங்கிவிட்டன. லான்ட்மாஸ்டர் லான்ட்மாஸ்டராகவே கேட்கும், ஆனால் குத்தாது.

1996இல் டென்மார்க்கின் வைடெக்ஸ், ஒட்டிக்கொன் இரண்டும் முழு டிஜிற்றல் மெஷின்களைக் கொண்டுவந்த பிறகு, இந்தக் கணக்கை ஒவ்வொரு அதிர்வெண் துண்டுக்கும் தனித்தனியாகப் போட முடிந்தது. தாழ்ந்த பக்கம் 45 டெசிபல் குறைவென்றால் அங்கே கொஞ்சம், உயர்ந்த பக்கம் 80 குறைவென்றால் அங்கே நிறைய. சட்டியின் ‘ச’வைத் தனியாகத் தூக்கலாம், ‘அட்டி’யைத் தொடத் தேவையில்லை. இன்றைக்குக் கிடைக்கும் ஆக மலிவான நல்ல டிஜிற்றல் மெஷினிலும் இது உண்டு. இதற்கு நீங்கள் பத்து லட்சம் கொடுக்கத் தேவையில்லை.

இனிக் கூவல். கோயில் திருவிழாவில் சவுண்ட் சேர்விஸ்காரப் பொடியன் மைக்கைக் கொண்டுபோய் ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்தால் என்ன நடக்கும்? அதேதான் இங்கேயும் நடக்கிறது. காதுக்குள் போன சத்தம், காதின் வடிவத்துக்கு வார்த்து உள்ளே செருகும் அச்சின் விளிம்பால் கசிந்து, காதுக்குப் பின்னால் இருக்கும் மைக்குக்குத் திரும்பி வருகிறது. திரும்பவும் பெருகுகிறது, திரும்பவும் கசிகிறது. மைக்குக்கும் காதுத் துளைக்கும் இடையில் நாலைந்து சென்ரிமீற்றர்தான் இருக்கிறது. அந்தத் தூரத்துக்குள் இவ்வளவு பெருக்கத்தை வைத்துவிட்டுக் கூவாமல் இரு என்றால் எப்படி?

கூவல் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்ணில்தான் வரும். முன்பு அதற்கு இருந்த கைவைத்தியம், சின்னத் திருகாணியைத் திருகி உயர்ந்த பக்கத்தைக் குறைத்துவிடுவது. கூவல் நின்றுவிடும், வந்தவரும் சந்தோஷமாகப் போவார். ஆனால் குறைத்த இடத்தில்தான் ச, ப, க, த எல்லாம் குடியிருந்தன. அதாவது விளங்குவதற்காக வாங்கிய மெஷினில் விளங்குகிற பகுதியை வெட்டி, கூவலுக்கு விலையாகக் கொடுத்துவிட்டோம். நானும் வேலைக்கு வந்த புதிதில் இதைச் செய்திருக்கிறேன். ஒரு முதியவர் மூன்று மாதம் கழித்து வந்து, “தம்பி, மெஷின் இப்ப சத்தம் போடேல்லை. ஆனா மெஷின் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, ஒண்டுதான்” என்றார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இப்போதுள்ள மெஷின்கள் வேறு வழியில் போகின்றன. காதுக்குள் அனுப்பிய சத்தம் எப்படிக் கசிந்து திரும்பி வரும் என்பதை சிப்பே ஓயாமல் கணக்குப் பார்த்து, மைக்கில் வந்ததில் இருந்து அதைக் கழித்துவிடுகிறது. கையால் காதைப் பொத்தினாலும், தலையணையில் சாய்ந்தாலும், கசிவின் பாதை மாறும்போது கணக்கும் மாறும். இதனால் கூவாமல் 10 டெசிபல்லோ அதற்கு மேலோ கூடுதலாகப் பெருக்க முடிகிறது. சின்ன இலக்கமாகத் தெரியும். அப்பாவின் ‘ச’ கேட்பதும் கேட்காததும் அந்த 10க்குள்தான் நிற்கிறது.

ஆனால் தங்கச்சி, கசிவைக் கணக்கில் கழிப்பதைவிடக் கசியாமல் அடைப்பது மேல். அது இலத்திரனியல் இல்லை, அச்சு வேலை. அப்பாவின் காது அச்சு 2010, 2011 அளவில் எடுத்ததாக இருக்கும். பதினைந்து வருடத்தில் மனுசன் மெலிந்திருப்பார், காதின் குருத்தெலும்பு தளர்ந்திருக்கும். அன்றைக்கு இறுகப் பொருந்திய அச்சு இன்றைக்குக் கழன்ற பல்செட்டு மாதிரி ஆடும். அச்சையும் மெஷினையும் இணைக்கும் ரியூபைப் பாருங்கள். கண்ணாடிபோல் தெளிவாக, வளைத்தால் வளைய வேண்டும். மஞ்சளாகி, ஈர்க்குப்போல விறைத்திருந்தால் அது சுருங்கி அச்சை வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆறு மாதத்துக்கு ஒருக்கா மாற்ற வேண்டிய சாமான் அது, பலர் பத்து வருடமாக அதையே போட்டிருக்கிறார்கள். அதன் உள்துளை 2 மில்லிமீற்றரும் இல்லை. காலையில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள், உள்ளே கடுகளவு வியர்வைத் துளி ஒன்று குறுக்கே நிற்கும். அந்த ஒரு துளி போதும், மெஷின் ஊமையாகிவிடும். ரியூபை மெஷினில் இருந்து கழற்றி, சின்ன ரப்பர் பந்தால் காற்றடித்தால் துளி தெறித்துப் போகும். வாயால் ஊதக் கூடாது. ஊதினால் இன்னும் ஈரம்தான் சேரும்.

அச்சை இறுக்கினால் வேறொரு தொல்லை வரும். தன் குரலே தனக்குக் குடத்துக்குள் கதைப்பதுபோல முழங்கும். அதற்காக அச்சில் ஒரு சின்னத் துவாரம் விடுகிறோம். துவாரம் பெருத்தால் கூவும், சிறுத்தால் முழங்கும். அப்பாவின் வரைபடத்துக்கு 1 மில்லிமீற்றர் அளவில் தொடங்கிப் பார்ப்பேன். இதை எந்த நுண்ணறிவாலும் லண்டனில் இருந்து முடிவு செய்ய ஏலாது. இங்கே அவர் நாற்காலியில் இருந்து, “இப்ப எப்பிடி ஐயா?” என்று கேட்டுக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

தம்பி சொல்லும் செயற்கை நுண்ணறிவு வெறும் புலுடா இல்லை. அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்கள் பலர் கதைக்கும் இடத்தில் ஒருவருடைய பேச்சை இரைச்சலில் இருந்து பிரிப்பது இந்தத் துறையின் மிகப் பழைய தலையிடி. முதல் மருந்து இரண்டு மைக். மெஷினின் முதுகில் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு துளைகள் இருக்கும். பின்னால் இருந்து வரும் சத்தம் பின்துளையை முதலில் தொடும், முன்துளையைத் தொட இன்னும் 30 மைக்ரோ செக்கன் அளவில் எடுக்கும். ஒரு செக்கனைப் பத்து லட்சம் துண்டாக்கி அதில் 30 துண்டு! அந்த வித்தியாசத்தை வைத்துப் பின்பக்கச் சத்தத்தை மெஷின் கழித்துவிடுகிறது. அப்புறம் வந்தது நரம்பு வலையமைப்பு. ஆயிரமாயிரம் சத்தங்களைக் கேட்டுப் பழகிய நிரலைச் சிப்புக்குள் வைத்து, எது பேச்சு, எது இரைச்சல் என்று அதையே முடிவெடுக்க விடுவது. ஒட்டிக்கொன் 2021இல் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. போனாக் என்ற கொம்பனி 2024இல் இதற்கென்றே தனிச் சிப் வைத்த மெஷினை இறக்கியது. சாப்பாட்டுக் கடை, கலியாண மண்டபம், கூட்டம் போன்ற இடங்களில் இவை உதவுகின்றன.

உங்கள் அப்பாவின் நாள் எப்படிப் போகிறது? காலையில் பட்டி, பிறகு வயல், பின்னேரம் திண்ணை, இரவு ரீவி. வீட்டில் மூன்று நாலு பேர். அவர் தோற்கும் இடம் கலியாண மண்டபம் இல்லை, கிணற்றடியில் இருந்து வந்த ஒரு சொல். அமைதியான வீட்டில் ஒருவரோடொருவர் கதைக்கும்போது, நன்றாகப் பொருத்திய நடுத்தர மெஷினுக்கும் உச்ச விலை மெஷினுக்கும் இடையில் பெரிய தூரம் இல்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிற ஒரு நாளுக்காக அவ்வளவு காசைக் கொட்டச் சொல்லி என்னால் சொல்ல ஏலாது. அன்றைக்கு ஒரு மலிவான வழி இருக்கிறது: சனமும் ஸ்பீக்கரும் அவருடைய முதுகுப் பக்கம் இருக்கும்படி அவரை இருத்துங்கள், கதைப்பவர் முன்னால் இருக்கட்டும். இரண்டு மைக் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

சோடி வாங்குவது பற்றி. இடது காதில் பதிலே இல்லை என்று ஓடியோகிராம் சொல்கிறது. அதற்கு மெஷின் போடுவது வற்றிய கிணற்றுக்கு மோட்டர் பூட்டுகிற கதை. இடப் பக்கச் சத்தத்தைப் பிடித்து வலது காதுக்கு அனுப்பும் ஏற்பாடு ஒன்று உண்டு, கிறோஸ் என்பார்கள். அதை வலது காது சரிவந்த பிறகு யோசிக்கலாம். அதுவரை எல்லாரும் அவருடைய வலப் பக்கத்தில் இருந்து கதையுங்கள். ஆனால் அந்த இடது காதுச் சீழை நான் சும்மா விடமாட்டேன். கேட்காத காதுதானே என்று நீங்களும் விட வேண்டாம். பல வருடமாகச் சீழ் வரும் காதில் எலும்பை அரிக்கும் வளர்த்தியும் இருக்கலாம். மெஷின் கதைக்கு முதல் காது மூக்கு தொண்டை வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போவதென்றாலும் பரவாயில்லை. வலது காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடுவார்கள். புதிய ஓடியோகிராமும் வேண்டும், இரண்டு வருடத்துக்கு முந்தியதை வைத்து மெஷின் எடுக்க ஏலாது.

அப்படியென்றால் என்ன வாங்குவது? வலது காதுக்கு மட்டும், காதுக்குப் பின்னால் கொழுவுகிற, அச்சோடு கூடிய, நடுத்தரப் பலமுள்ள டிஜிற்றல் மெஷின் ஒன்று. இப்போது ஸ்பீக்கரை மெல்லிய வயரில் காதுக்குள்ளேயே விடும் சின்ன மெஷின்கள்தான் எல்லாராலும் விரும்பப்படுகின்றன. அழகாக இருக்கும். ஆனால் வயலில் வியர்க்கிற ஆளுக்கு நான் அதைக் கொடுப்பதில்லை. குறும்பியும் வியர்வையும் நேரே ஸ்பீக்கரின் வாய்க்குள் போய்விடும். கொழுவுகிற மெஷினில் பழுதாவது பெரும்பாலும் ரியூப், அதை இங்கேயே மாற்றலாம். தூசு தண்ணீர் தாங்கும் என்பதற்கு ஐபி 68 என்று போட்டிருப்பார்கள். நல்லதுதான், வாங்குங்கள். ஆனால் அந்தப் பரிசோதனை நல்ல தண்ணீரில் செய்வது, உப்பு வியர்வையில் இல்லை. இரவில் துடைக்கத்தான் வேண்டும்.

பற்றரியா சார்ஜா? 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். சார்ஜ் மெஷின் முதியவர்களின் விரலுக்கு இலகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே இருக்கும் லித்தியம் கலம் சில வருடத்தில் தளர்ந்தால் மெஷினையே அனுப்பித்தான் மாற்ற வேண்டும். ஆகவே என் மனம் இன்னும் சிங்க்-எயர் பற்றரிப் பக்கம்தான். அது காற்றைக் குடித்து வேலை செய்யும் பற்றரி. முதுகில் ஒட்டியிருக்கும் நிறத் தாளை உரித்ததும் கதவுக்குள் தள்ளாமல் இரண்டு மூன்று நிமிடம் காற்றுப்பட விடுங்கள். உரித்த தாளைத் திரும்ப ஒட்டுவதால் பெரிய பிரயோசனம் இல்லை. நீலத் தாள் 675, செம்மஞ்சள் தாள் 13. இந்த 675க்கு அச்சொட்டான அளவில் மணிக்கூட்டுக் கடையிலும் ஒரு பற்றரி கிடைக்கும், மலிவும்கூட. போட்டால் மெஷின் வேலை செய்யும், சந்தோஷப்படுவீர்கள், கொஞ்ச நாளில் படுத்துவிடும். அதில் அவ்வளவு சக்தி இல்லை. ஊரில் பாதி மெஷின்கள் ‘பழுதானது’ இந்தப் பற்றரியால்தான் என்று நான் சண்டை பிடிப்பேன்.

தம்பிக்கு ஒரு விஷயத்தை மட்டும் விளங்கப்படுத்துங்கள். மெஷினை அங்கே வாங்கி இங்கே அனுப்ப வேண்டாம். சில பெரிய கடைகள் விற்கும் மெஷின்களைத் தங்கள் சொந்த நிரலால் மட்டுமே திறக்கக்கூடியதாகப் பூட்டி வைத்திருக்கும். போன வருடம் ஒரு குடும்பம் வெளிநாட்டில் இருந்து வந்த விலைமிக்க சோடியோடு என்னிடம் வந்தது. நானும் முக்கி முனகிப் பார்த்தேன், என் கணினியில் அது திறக்கவே இல்லை. காசு தருவதென்றால் காசாகத் தரட்டும். அல்லது வாங்க முதல், இங்கே பொருத்தும் ஆளிடம் எந்தக் கொம்பனியின் நிரல் இருக்கிறது என்று கேட்கட்டும். கைபேசிக்கான காதுக் குமிழிலேயே இப்போது காது மெஷின் வசதி வருகிறது, அமெரிக்காவில் 2022 முதல் மருந்துச் சீட்டு இல்லாமலும் மெஷின் வாங்கலாம். அவை இரண்டும் கொஞ்சமாக, நடுத்தரமாகக் காது குறைந்தவர்களுக்கு. அப்பா அந்த எல்லையைத் தாண்டிவிட்டார்.

எங்கே வாங்கினாலும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஓடியோகிராமைக் கணினியில் போட்டதும் நிரல் தானே ஒரு அளவைத் தரும். அது சராசரிக் காதுக்கான ஊகம். அப்பாவின் காதுத் துளை அகலமா ஒடுக்கமா என்று கணினிக்குத் தெரியாது. மெஷின் போட்டிருக்கும்போதே மெல்லிய சிலிக்கோன் குழாய் ஒன்றைக் காதுக்குள் விட்டு, சவ்வுக்குப் பக்கத்தில் உண்மையில் எவ்வளவு சத்தம் வருகிறது என்று அளக்கும் பரிசோதனை இருக்கிறது. அதைச் செய்யாமல் “போட்டாச்சு, போய் வாருங்கோ” என்பவரிடம் பத்து லட்சத்து மெஷினும் ஒன்றுதான், ரின்னுக்குள் கிடப்பதும் ஒன்றுதான்.

வீட்டில் நீங்களே பார்க்க ஒரு சோதனை சொல்லித் தருகிறேன். காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுக் கற்பித்த டானியல் லிங் என்பவர் வகுத்தது. அப்பாவின் பின்னால் இரண்டு மீற்றர் தள்ளி நின்று ‘ம்’, ‘ஊ’, ‘ஆ’, ‘ஈ’, ‘ஷ்’, ‘ஸ்’ என்ற ஆறையும் சாதாரணக் குரலில், வரிசை மாற்றி, இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். கேட்டதை அவர் திரும்பச் சொல்ல வேண்டும். பேச்சின் தாழ்ந்த கரையில் ‘ம்’, உயர்ந்த கரையில் ‘ஸ்’, மற்றவை நடுவில். இப்போது மெஷின் இல்லாமல் ஒருக்காச் செய்து கொப்பியில் எழுதி வையுங்கள். ‘ஷ்’ஷும் ‘ஸ்’ஸும் விழும் என்றுதான் நினைக்கிறேன். புது மெஷின் போட்ட அன்றும் செய்யுங்கள், ஒரு மாதம் கழித்தும் செய்யுங்கள். திரும்ப என்னிடம் வரும்போது அந்தக் கொப்பிதான் எனக்கு வேண்டும்.

முதல் கிழமை அவர் சந்தோஷப்படமாட்டார், இதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன். பதினைந்து வருடமாகக் கேட்காத உயர்ந்த சத்தங்கள் திடீரென்று வந்தால் மூளை திடுக்கிடும். தண்ணீர் விழுவது, கடதாசி கசங்குவது, தகரக் கூரையில் அணில் ஓடுவது எல்லாம் கீச்சிடும். ஒரு அம்மாவுக்கு முதல் நாளே முழு அளவையும் வைத்துவிட்டேன். அடுத்த நாளே வந்து, “சமையலறைக்குள்ள போக ஏலாது தம்பி, சட்டி பானை எல்லாம் சண்டை பிடிக்குது” என்று மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது நான் கொஞ்சம் குறைத்துத் தொடங்கி, இரண்டு மூன்று தடவையில் ஏற்றுவேன். வீட்டுக்குள் நாளுக்கு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று பழகட்டும். வயலுக்குப் பிறகு போகலாம். உள்மயிர்க் கலங்களும் கொஞ்சம் போயிருந்தால் எந்த மெஷினாலும் முழுத் தெளிவு வராது. ஆகவே முகம் பார்த்துக் கதைக்கும் பழக்கத்தை விட வேண்டாம். கிணற்றடியில் இருந்து கூப்பிடுவதை அம்மா நிற்பாட்டத்தான் வேண்டும்.

புது மெஷின் வரும்வரை பழையதை வீச வேண்டாம். புது அச்சும் புது ரியூபும் போட்டால், முன்பு கூவலுக்காகக் குறைத்த திருகாணியைக் கொஞ்சம் திறந்துவிடலாம். சில மாதத்துக்கு அது ஓடும், அப்பாவுக்கும் காதில் ஒன்று இருக்கும் பழக்கம் திரும்பும். வரும்போது அதைக் கொண்டுவாருங்கள், ஆனால் அரிசியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அரிசித் தவிடு மைக் துளைக்குள் போனால் ஊசி நுனியால் தோண்டி எடுப்பது என் கண்ணுக்கு இப்போது ஏலாது. மருந்துப் போத்தலுக்குள் வரும் சிலிக்கா ஜெல் பைகள் இரண்டு மூன்றைச் சேர்த்து மூடியுள்ள டப்பா ஒன்றில் போட்டு, பற்றரிக் கதவைத் திறந்தபடி வைத்தால் போதும்.